பனி படாத காந்தங்கள்

அவர் விழவேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். எங்கேயோ தூரத்தில், நான் பார்க்காத ஒரு மண்டபத்தில் விழுந்தால் போதாது. எங்கள் கரையில், அம்மா மீன் காயவிடும் மணலில், நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க விழவேண்டும். இப்படி ஆசைப்படுவது பாவம் என்று எங்கள் பங்குச் சுவாமியார் சொல்லக்கூடும். சொல்லட்டும். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது வேறு பாவங்களைச் சொன்னேன், இதைச் சொல்லவில்லை. சொன்னால் விட்டுவிடச் சொல்வார்கள். விட்டுவிடும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை.

அவர் என் ஆய்வுக்கு மேற்பார்வையாளராக இருந்த பேராசிரியர். தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்காக அவரிடம் சேர்ந்திருந்தேன். நாங்கள் எல்லோரும் அவரைச் சேர் என்றே கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்தில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் படித்தவர். அழகாகப் பேசுவார். பேச்சில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

எங்கள் வேலை காந்தம் செய்வது. நியோடைமியம் என்ற அருமண் உலோகம், இரும்பு, கொஞ்சம் போரன் மூன்றையும் ஒன்றாக உருக்கி, உருகியதை வேகமாகச் சுழலும் செப்புச் சக்கரத்தின்மேல், நாங்கள் சில்லு என்போம், பீச்ச வேண்டும். குளிர்ந்த செம்பைத் தொட்ட கணத்திலேயே அது உறைந்து, மெல்லிய நாடாவாகச் சில்லிலிருந்து பறக்கும். கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்த வேகக் குளிர்ச்சிதான் விஷயமே. ஆறுதலாகக் குளிரவிட்டால் உலோகத்துக்குள் இருக்கும் படிக மணிகள் பெரிதாக வளர்ந்துவிடும். அப்படிப்பட்ட நாடா தன் காந்தத்தை இலேசில் கைவிட்டுவிடும். மிதமிஞ்சிய வேகத்தில் குளிர்ந்தால் மணிகளே உண்டாகாது. கண்ணாடியில் இருப்பதுபோல எல்லாம் ஒழுங்கில்லாமல் உறைந்துபோகும். அதுவும் காந்தத்தைப் பிடித்து வைக்காது. இரண்டுக்கும் நடுவில், மணிகள் பொடிப்பொடியாக நிற்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில் கிடைத்த நாடாவை ஒரு தரம் காந்தமாக்கிவிட்டால், எதிர்த்திசையில் எவ்வளவு வலுவான காந்தப்புலத்தைக் கொடுத்தாலும் முரண்டு பிடிக்கும். அந்தக் குணம் எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் வீட்டுப் பெண்களிடமும் அது உண்டு.

அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தது நான். சில்லைத் தினமும் தேய்த்து மினுக்கியது நான். உருக்கும் குழாய் வெடித்து உலோகம் சிதறியபோது கையைச் சுட்டுக்கொண்டதும் நான்தான். சில்லை வேண்டிய வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாக ஓட்டி, பாதி கண்ணாடியாக வரும் நாடாவைப் பிறகு கொஞ்ச நேரம் சூடாக்கினால், மணிகள் எல்லாம் ஒரே அளவில் வருவதைக் கண்டேன். சேரிடம் முதலில் சொன்னபோது, "உப்பிடி எல்லாம் சரிவராது, நீர் புத்தகத்தில உள்ளதைச் செய்யும்" என்றார். நான் கேட்கவில்லை. அவர் விடுமுறையில் போயிருந்த நாட்களில் செய்து முடித்துவிட்டு, வந்ததும் அளவீட்டு வளைகோட்டை மேசையில் வைத்தேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பரவாயில்லை" என்றார். அதற்குப் பிறகு அந்த முறையை யாரிடம் பேசினாலும் "நாங்கள் கண்டுபிடிச்ச முறை" என்று சொல்லத் தொடங்கினார்.

என் ஊரான மன்னார் என்றால் அவருக்குக் கழுதையும் கருவாடும். நான் விடுமுறை முடிந்து திரும்பும் நாளில் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "என்ன, கருவாட்டு மணம் வருது. மன்னார் பஸ் வந்திட்டுது போல" என்பார். மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் அவருக்கு எங்கள் கரை தேவைப்பட்டது. இந்தக் காந்தங்களுக்குப் பரம எதிரி துரு. ஈரமும் உப்பும் சேர்ந்தால் நியோடைமியம் தாக்குப்பிடிக்காது. காந்தம் ஊதி, உதிர்ந்து, தூளாகிவிடும். அதனால்தான் எல்லோரும் அதன்மேல் வேறு உலோகத்தைப் பூசி விற்கிறார்கள். எங்கள் நாடாவைத் தூளாக்கி, பசை சேர்த்து, சின்னச் சின்ன வில்லைகளாக அழுத்தி எடுத்தால், பூச்சு எதுவும் இல்லாமலே கடற்காற்றைத் தாங்கும் என்று சேருக்கு ஓர் எண்ணம். மணிகள் சிறியதாக இருப்பதால் துரு உள்ளே போக வழியிருக்காது என்பது அவருடைய கணக்கு. அப்படித் தாங்கினால் அது பெரிய விஷயம். மன்னார்த் தீவின் தென்கரையில் வரிசையாக நிற்கும் காற்றாலைகள் மாதிரி, கடலோரத்தில் நிற்கும் எந்த இயந்திரத்துக்கும் அது உதவும்.

"கடற்காத்து வேணுமெண்டா எங்கட வீட்டுக்கு வாங்கோ சேர். வேணுமெண்ட அளவுக்கு அடிக்கும்" என்று சொன்னது நான்தான்.

எங்கள் வீடு தோட்டவெளிப் பக்கம், கடலை ஒட்டி இருக்கிறது. அப்பா காலமான பிறகு அம்மா கருவாடு போட்டுத்தான் என்னைப் படிக்க வைத்தார். அந்த மணத்தில்தான் நான் பௌதிகவியல் படித்தேன். சேர் வாகனத்தில் வந்து இறங்கி, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு கரையைச் சுற்றிப் பார்த்தார். ஆணி இல்லாத மரச்சட்டம் ஒன்றை நானே நைலோன் கயிற்றால் கட்டியிருந்தேன். ஆணி இருந்தால் வில்லைகள் எல்லாம் போய் அதில் ஒட்டிக்கொள்ளும். சட்டத்தைக் கடலுக்கு நேரே நட்டு, காந்தமாக்கிய வில்லைகளை ஒவ்வொன்றாகப் பிளாஸ்ரிக் கிளிப்பில் மாட்டினோம். நட்டு முடிவதற்குள்ளேயே காற்றில் பறந்த கறுப்பு மணல் வில்லைகளில் ஒட்டி, மீசை முளைத்துவிட்டது. அம்மா அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தார்.

சேர் அம்மாவிடம் திரும்பினார்.

"அம்மா, இது வலு முக்கியமான சாமான். கண்ணும் கருத்துமாப் பாத்துக்கொள்ளுங்கோ. இதுகளுக்கு ஒண்டும் நடக்கக்கூடாது."

"ஓம் சேர். என்ர பிள்ளையின்ர சாமானெல்லே. நான் பாக்கிறன்."

நான் இடையில் புகுந்து, "அம்மா, இதை ஏன் இஞ்ச வைக்கிறம் எண்டா" என்று தொடங்கினேன். சேர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உதெல்லாம் அவவுக்கு ஏன்? விளங்கப் போறதும் இல்லை. பாத்துக்கொண்டாப் போதும்."

அம்மா தலையை ஆட்டிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனார். நானும் பேச்சை விட்டுவிட்டேன். காகத்தையும் கழுதையையும் கிட்டவிடாமல் பார்ப்பதற்குத்தான் அம்மா என்று அவரைப் போலவே நானும் நினைத்தேன்.

இடையிடையே காலைப் பேருந்தில் வந்து இறங்கி, கையுறை போட்டபடி சில வில்லைகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு மாலைப் பேருந்தில் திரும்புவேன். ஆய்வுகூடத்தில் அவற்றைக் கரைப்பானில் கழுவி, காய வைத்து, காந்தத்தை அளப்போம். காந்தம் குறையவேயில்லை. சோளகக் காற்று அடித்து ஓய்ந்தது, மாரி பெய்து ஓய்ந்தது, வில்லைகள் அப்படியே இருந்தன. ஓரத்தில் கொஞ்சம் மங்கியதோடு சரி. சேர் மேசையைத் தட்டிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் தலைகால் புரியாத சந்தோஷம். என் நாடா கடலையே வென்றுவிட்டது என்று நம்பினேன்.

கட்டுரை வெளிவந்த செய்தியை வேறொரு மாணவன்தான் எனக்குச் சொன்னான். கணினியில் திறந்து பார்த்தேன். சேருடைய பெயர் இருந்தது. அவருக்கு வேண்டிய இன்னொருவரின் பெயர் இருந்தது. அந்த மனிதர் எங்கள் சில்லைக் கண்ணாலும் கண்டதில்லை. என் பெயர் இருக்கவில்லை. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில், மாதிரிகளை எடுத்துவந்து உதவிய மாணவிக்கு நன்றி என்று ஒரு வரி. சில்லு வேகமும் சூடாக்கும் முறையும் என் அளவீட்டு வளைகோடும் முழுசாக உள்ளே இருந்தன. அந்த வளைகோட்டில் ஒரு புள்ளி மட்டும் சற்று விலகி நிற்கும்; கரண்ட் தடுமாறிய அன்று எடுத்த புள்ளி அது. அதைக்கூட அவர் எடுத்துவிடவில்லை.

அவருடைய அறைக்குப் போனேன். கட்டுரையை அச்செடுத்து அவர் மேசையில் வைத்தேன்.

"சேர், இது என்ர வேலை."

"இருந்து கதையும். உமக்கு இன்னும் காலம் கிடக்கு. இப்ப இதுக்குப் பெரிய பேர் தேவை. உம்மட பேரைப் போட்டா ஆர் வாசிப்பினம்?"

"என்ர ஆய்வேட்டில இதுதானே முக்கியமான அத்தியாயம்? நான் இனி என்னத்தை எழுத?"

"வேற தலைப்பு ஒண்டு பாப்பம். அவசரப்படாதையும். உங்கட பக்கத்தில இருந்து இவ்வளவு தூரம் வந்ததே பெரிய காரியம்."

என் பட்டமே அந்த அத்தியாயத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுவிட்டு, வந்ததே பெரிய காரியம் என்கிறார். அறையை விட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். முறைப்பாடு கொடுக்கலாமா என்று யோசித்தேன். முறைப்பாட்டை விசாரிக்கும் குழுவுக்கு யார் தலைவர் என்று விசாரித்தேன். அவர்தான்.

மறுநாள் வீட்டுக்குப் புறப்பட்டேன். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. பெயர் போன கதையைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. கருவாட்டில் படிக்க வைத்தவரிடம் எப்படிச் சொல்வது? லீவு என்று சொன்னேன். பின்னேரம் கரையில் உட்கார்ந்து, சேரை மனதுக்குள் வைதுகொண்டிருந்தேன். கெட்ட வார்த்தைகள் எனக்கு நிறையத் தெரியும், கரையில் வளர்ந்தவள்.

பொழுது சாயத் தொடங்கியது. அம்மா கருவாட்டைக் குவித்து, தார்ப்பாய்ப் படங்கை இழுத்து மூடினார். பிறகு இன்னொரு சின்னப் படங்கை எடுத்துக்கொண்டு நேரே மரச்சட்டத்திடம் போனார். உதறி, சட்டத்தை நாலு பக்கமும் மூடி, கீழே காற்றுப் புகாமல் கல் வைத்தார். கை பழகிய வேலை என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

"அம்மா, என்ன செய்யிறியள்?"

"மூடுறன், பிள்ளை. பனி படுமெல்லே."

"ஒவ்வொரு நாளுமா?"

"பின்னை? ஒரு நாள் விட்டாலும் பழுதாப் போகும்."

நான் எழுந்து போய்ப் படங்கைத் தூக்கிப் பார்த்தேன். வில்லைகள் பளபளத்தன. தொட்டேன். விரலில் எண்ணெய். முகர்ந்தேன். தேங்காயெண்ணெய்.

"சிவப்புப் பொட்டு ஒண்டு ரெண்டு கண்டனான். மாதாவே, பிள்ளையை ஏசப் போகினம் எண்டு பயந்திட்டன். கத்திக்குப் பூசுற மாதிரிப் பூசி விட்டனான். அதுக்குப் பிறகு இடைக்கிடை துடைக்கிறனான். மழையெண்டா உள்ளுக்க எடுத்து வைச்சிடுவன்."

"எனக்கு ஏன் சொல்லேல்ல?"

"உதை என்னெண்டு சொல்லுறது? சோறு திண்டனான் எண்டு ஆரும் சொல்லுவினமே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கடலை வென்றது என் நாடாவும் இல்லை, சேருடைய கணக்கும் இல்லை. அந்த வில்லைகள் பனியைக் கண்டதில்லை, மழையைக் கண்டதில்லை, உப்புக் காற்றைப் பட்டும் படாமலும் எண்ணெய்க்குள் இருந்தபடி கண்டிருக்கின்றன. எங்கள் கரையில் எந்தப் பெண்ணிடம் ஒரு பொருளைக் கொடுத்து, காற்றில் இருக்கவேண்டும், பழுதாகக்கூடாது என்று சொன்னாலும் இதைத்தான் செய்திருப்பாள். விளக்கம் சொல்ல வந்த என் வாயை அடைத்தவர் சேர். தன் பெயரைத் தூக்கி முதலில் போட்டவரும் அவர். முழுப் பொய்யையும் தன் தலையில் தானே சுமந்துகொண்டு உலகம் சுற்றுகிறார்.

ஒரு நல்ல ஆய்வாளர் அன்றைக்கே தொலைபேசியை எடுத்து அவரிடம் சொல்லியிருப்பார். நான் எடுக்கவில்லை. கட்டுரையில் என் பெயர் இல்லை. அதைத் திருத்துவது என் வேலையும் இல்லை.

ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு பழிவாங்க முடியாது. அதே கலவையில் மிச்சம் வந்த வில்லைகள் கொஞ்சம் என் பையில் இருந்தன. அவற்றைக் கொண்டுபோய், கூரை பறந்துபோன பழைய மீனவர் குடிசை, வாடி ஒன்றின் தூணில் கட்டித் தொங்கவிட்டேன்.

"அம்மா, இதை மட்டும் தொடாதேங்கோ."

"பனி படுமே?"

"படட்டும்."

அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். சட்டத்தை வழக்கம்போலவே பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அப்படியே செய்தார்.

நான் ஆய்வுகூடத்துக்குத் திரும்பி, வாயை மூடிக்கொண்டு வேறு தலைப்பில் வேலை செய்தேன். சேருக்கு என்னில் நல்ல அபிப்பிராயம் வந்தது. "இப்பதான் நீர் விளங்கிக்கொண்டீர்" என்று ஒரு நாள் தோளைத் தட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளே கறுவிக்கொண்டிருந்தேன். அந்த மாரியில் வாடித் தூணில் இருந்த வில்லைகள் முதலில் சிவந்தன, பிறகு வீங்கின, பிறகு ஓரம் உதிர்ந்தன. மீன் வெட்டும் கத்தியைத் தூக்கிப் பிடித்த வில்லை, கடைசியில் ஒரு குண்டூசியைக்கூடப் பிடிக்க முடியாமல் கீழே விட்டது. வீட்டுக்கு வரும்போதெல்லாம் உதிர்ந்ததை ஜாம் போத்தல் ஒன்றில் சேர்த்து வைத்தேன். என் அருமையான நாடா இப்படி அழிவதைப் பார்க்க வேதனையாகத்தான் இருந்தது. வேதனையைவிடச் சந்தோஷம் கூடுதலாக இருந்தது.

மறுபடி சோளகம் தொடங்கிய காலத்தில் சேர் என்னைக் கூப்பிட்டார். வெளிநாட்டிலிருந்து காந்தம் செய்யும் ஆட்கள் வருகிறார்கள், கட்டுரையைப் படித்துவிட்டுக் கரையையும் சட்டத்தையும் நேரில் பார்க்க விரும்புகிறார்கள் என்றார்.

"அம்மாவிட்ட சொல்லி நல்ல மீன் சாப்பாடு ஒண்டு செய்விச்சு வையும். அவை அம்மாவோடயும் கதைக்க விரும்பினா நீர் மொழிபெயர்ப்பு செய்யும். மொழிபெயர்ப்பு மட்டும் செய்தாப் போதும். ஆராய்ச்சியைப் பற்றி நான் சொல்லுறன்."

"ஓம் சேர். மொழிபெயர்ப்பு மட்டும்" என்றேன். அந்த ஓமை அவ்வளவு பணிவாக என் வாழ்நாளில் நான் சொன்னதில்லை.

அவர்கள் வந்த அன்று காற்று கண்ணைத் திறக்கவிடவில்லை. தூரத்தில் காற்றாலைகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. வந்தவர்கள் இரண்டு பேர். நரைத்த தலையுடன் ஒரு பெண், அதிகம் பேசாத ஓர் ஆண். இருவருக்கும் ஆங்கிலம்தான். அம்மா கோயிலுக்கு உடுக்கும் சேலையைக் கட்டிக்கொண்டு, கதிரைகளைத் துடைத்துப் போட்டு, "வாங்கோ, வாங்கோ" என்று வரவேற்றார். சேர் சட்டத்தின் பக்கத்தில் நின்று பேசினார். இந்தக் கொடூரமான காற்று, இந்த உப்பு, இந்த ஈரம், இத்தனைக்கும் நடுவில் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் நிற்கும் காந்தம் என்று கையை வீசி வீசிச் சொன்னார். நான் அம்மாவின் பக்கத்தில் நின்றேன்.

அந்தப் பெண் ஒரு வில்லையைக் கழற்றி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, இவ்வளவு காலம் இதைப் பார்த்துக்கொண்டது நீங்களா, எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள் என்று கேட்டாள். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. இத்தனை நாளில் அவரிடம் இதை யாரும் கேட்டதில்லை.

"பொழுதுபட முன்னம் படங்கால மூடிப்போடுவன். பனி பட விடமாட்டன். விடிய வெயில் ஏறின பிறகுதான் திறப்பன். மழையெண்டா உள்ளுக்க கொண்டுபோய் வைச்சிடுவன். சிவப்பா ஏதும் கண்டா எண்ணெய் பூசித் துடைப்பன். ஒண்டும் நடக்கக்கூடாது எண்டு சேர் சொன்னவரெல்லே. ஒண்டும் நடக்க விடேல்ல."

ஒவ்வொரு வாக்கியமாக மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. என்ன எண்ணெய் என்று அந்தப் பெண் கேட்டாள். தேங்காயெண்ணெய் என்றேன். அவள் வில்லையை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு பேசாத அந்த ஆளிடம் நீட்டினாள். அவரும் முகர்ந்து பார்த்தார்.

சேரின் முகத்தில் இரத்தமே இல்லை. நான் அதைத் திருப்தியாகப் பார்த்தேன். எத்தனையோ நாள் மனதில் வரைந்து பார்த்த முகம். நினைத்ததைவிட நன்றாக இருந்தது. அவர் என் பக்கம் சரிந்து, பல்லைக் காட்டிச் சிரித்தபடியே தமிழில் சொன்னார்.

"வேற மாதிரி மாத்திச் சொல்லும். அம்மா கருவாட்டைச் சொல்லுறா எண்டு சொல்லும். அடுத்த கட்டுரையில உம்மட பேரை முதலாவதாப் போடுறன். அத்தியாயத்தையும் நீரே வைச்சுக்கொள்ளும்."

நான் கேட்டு நின்ற எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. என் பெயர், என் அத்தியாயம், என் பட்டம். ஒரு கணம், ஒரே ஒரு கணம், என் நாக்கு அந்தப் பக்கம் சாய்ந்தது உண்மை. பிறகு அவருடைய சிரிப்பைப் பார்த்தேன். கருவாடு என்ற சொல்லை அப்போதும் அவர் விடவில்லை.

மொழிபெயர்ப்பு மட்டும் செய்தால் போதும் என்று சொன்னவர் அவர். செய்தேன். வந்தவர்கள் பக்கம் திரும்பி, அம்மா வேறு எதையோ சொன்னதாக நான் மாற்றிச் சொன்னால், அடுத்த கட்டுரையில் என் பெயரை முதலாவதாகப் போடுவதாகவும் என் ஆய்வேட்டு அத்தியாயத்தைத் திருப்பித் தருவதாகவும் பேராசிரியர் சொல்கிறார் என்று நல்ல ஆங்கிலத்தில், நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. சேர் தமிழில் சொன்னது காதில் விழுந்திருந்தது.

"சேர், அப்ப இதில என்ர பிள்ளையின்ர பேர் இல்லையோ?"

நான் அதையும் மொழிபெயர்த்தேன்.

பிறகு உள்ளே போய் ஜாம் போத்தலை எடுத்துவந்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன். இதே கலவை, இதே சில்லு, இதே கரை, மூடவில்லை, எண்ணெய் பூசவில்லை என்றேன். இப்போது மொழிபெயர்ப்பு இல்லை. என் சொந்தப் பேச்சு. சில்லின் வேகம் எவ்வளவு என்று அவள் கேட்டாள். என்னிடம் கேட்டாள், அவரிடம் இல்லை. சொன்னேன். ஏன் அந்த வேகம் என்று கேட்டாள். அதையும் சொன்னேன். சேர் வாகனத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார். மணலில் அவருடைய சப்பாத்து புதைந்து புதைந்து வந்தது. வாகனத்தடியில் நின்ற கழுதை ஒன்று விலகாமல் நின்றதால் சுற்றிக்கொண்டு போனார்.

அவர்கள் சட்டத்தில் இருந்த வில்லைகளையும் போத்தலையும் எடுத்துக்கொண்டு சாப்பிடாமலே போனார்கள். கட்டுரையைச் சேர் திரும்பப் பெற்றுக்கொண்டார். பதவியில்தான் இருக்கிறார், அவரைப் போன்றவர்களை யாரும் ஒன்றும் செய்வதில்லை. ஆனால் ஆய்வுகூடத்தில் அவர் பேச்சைத் தொடங்கினால் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேள்வி. எனக்கு அது மாதாவின் திருநாள் மாதிரி. என்னை வேறொரு விரிவுரையாளர் பொறுப்பெடுத்தார். கட்டுரையோடு சேர்ந்து என் சில்லு வேகத்தின்மேலும் சந்தேகம் விழுந்துவிட்டதால், ஒவ்வொரு நாடாவையும் ஆட்கள் பார்த்திருக்க மறுபடி செய்து காட்ட வேண்டியிருந்தது. செய்து காட்டினேன். மணிகள் பொடிப்பொடியாகத்தான் வந்தன. ஆய்வேடு பிந்தியது. பிந்தட்டும் என்று இருந்தேன்.

அன்று பின்னேரம், வாகனங்கள் போன பிறகு, அம்மாவும் நானும் ஆளுக்கொரு கதிரையில் உட்கார்ந்து விருந்தாட்களுக்குச் சமைத்த விளைமீனைச் சாப்பிட்டோம். அம்மா முள்ளை எடுத்து எடுத்துக் சோற்றுக் கோப்பையின் ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயம் பிடித்தது. அவரை நாலு பேர் முன்னால் நிறுத்தி, அவருடைய கவனிப்பையே பிழையாக்கிக் காட்டியிருக்கிறேன். அவருக்கு அது விளங்காமல் இருக்கப் போவதில்லை.

"அண்டைக்கு மணலில இருந்து சிரிச்சனி. அப்பவே உனக்குத் தெரியும், என்ன?"

"ஓம் அம்மா."

"இவ்வளவு நாளும் வாயைத் திறக்கேல்ல."

"சொன்னா நீங்கள் அவருக்கு முன்னால கதைச்சிருக்க மாட்டியள். பயந்திருப்பியள்."

அம்மா கையைக் கழுவினார். சேலைத் தலைப்பில் துடைத்தார். எழுந்து போய், காலியாக நின்ற அந்த மரச்சட்டத்தை ஒரு கையால் பிடுங்கி எடுத்து அடுப்படிப் பக்கம் எறிந்தார். அவருடைய முகத்தில் நான் பயந்த கோபம்தான் இருந்தது. ஆனால் அது என் பக்கம் திரும்பியிருந்த காரணம் வேறு.

"என்ர பிள்ளையின்ர பேரை எடுத்தவன் எண்டு எனக்குச் சொல்லியிருந்தா, நான் இன்னும் வடிவாச் சொல்லியிருப்பன்."